ஊற்றுக்காட்டுக்கு ஒரு பெயர்ப் பணயம்

ஒதிலியா எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் வரப்போகிற நாட்களில் அவள் ஜெயிப்பாள் என்று யாருக்கும், அவளுக்கேகூடத் தோன்றவில்லை.

புருஷன் இறந்தபின் ஊர்க்கூட்டத்தில் அவனுடைய இடத்தில் உட்காரும் உரிமையை ஜெயித்தாள். அதற்கு நான்கு வருடமும் பதினொரு கூட்டமும் பிடித்தன. பத்துக் கூட்டங்களில் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார்கள். பதினோராவதில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்ச் சரி என்றார்கள். ஆண்கள் மட்டுமே செய்துவந்த காட்டுக்காவல் சேவையை, எல்லோரையும் போலக் கூலியில்லாமல், பதினெட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் செய்து முடித்தாள். யாவெதோ ஊரின் முத்திரைச் சுத்தியலைக் கையில் வாங்கிய முதல் பெண்ணும் அவள்தான். வெட்டப்போகும் மரத்தின் அடியில் பட்டையைச் செதுக்கி, அந்த வெள்ளைத் தழும்பின்மேல் ஊரின் குறியைப் பதிக்கிற சுத்தியல் அது. குறி இல்லாத அடிக்கட்டை காட்டில் கிடந்தால் அது திருட்டு.

ஊற்றுக்காடு இன்னும் நிற்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு மரம் குறைந்து நிற்கிறது, ஆனாலும் நிற்கிறது. அதன் அடியிலிருந்து வரும் குழாயில் பத்தொன்பது லிட்டர் வாளி இன்றைக்கு இருபத்திரண்டு விநாடியில் நிரம்புகிறது. பொதுநிலப் பங்காளிகள் பட்டியலில் தொண்ணூற்று நான்காம் வரிசையில் அவள் பெயர் அடிக்கப்படாமல் இருக்கிறது. ஜெயித்தவற்றில் கடைசியும் பெரியதும் இதுதான்.

இந்த எண்களெல்லாம் அவளுடைய அண்ணன் நெஃப்தாலியின் நோட்டில் இருப்பவை. அவளைவிட ஆறு வயது மூத்தவர். நாலாம் வகுப்பு வரை படித்தவர். இருபது வருடமாகக் காட்டுக் குழுவுக்கு எழுத்தர். தங்கையைப் பற்றி யாராவது பதினொன்றைப் பத்து என்று சொன்னால்கூடத் திருத்தாமல் விடமாட்டார். ஒதிலியா பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு பெண்ணாவது வீட்டில் ஆடு மேய்க்க வேண்டும் என்று அப்பா சொன்னார், அவள் மேய்த்தாள். எண்கள் மட்டும் தெரியும். மரம் அளந்து அளந்து எண் படிந்துவிட்டது. எழுத்து படியவில்லை.

யாவெதோவில் மூன்று கட்டளைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் மெக்சிகோ அரசாங்கம் அந்த மலைக்காட்டை இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு காகிதக் கம்பெனிக்குக் கொடுத்தது. பாதை வரும் என்று சொல்லி நீட்டிய காகிதத்தில் ஊர்ப் பெரியவர்கள் முப்பத்தொரு பேர் பெருவிரல் வைத்தார்கள். பாதை வந்தது. அதன்வழியே மரம் போனது. கம்பெனிக்கு நேராக வளர்ந்த பச்சை மரம்தான் வேண்டும். செத்ததையும் கோணலையும் விட்டுவிட்டுப் போனார்கள். எழுபத்தொன்பதில் அப்படியொரு பச்சை மரத்தை அறுக்கும்போது அது திரும்பி விழுந்து ஒதிலியாவின் புருஷன் உர்பானோ செத்தான். எண்பத்திரண்டில், கெடு முடிந்தும் போக மறுத்த கம்பெனி லாரிகளை மறித்துப் பாதையில் பதினேழு நாள் படுத்துக் கிடந்து, காட்டைத் திரும்ப வாங்கினார்கள்.

வாங்கிய கையோடு கூடிய கூட்டத்தில் போட்டவைதான் அந்தக் கட்டளைகள். செத்த மரம் ஒன்று நிற்கும்வரை அதன் பக்கத்துப் பச்சை மரத்தில் சுத்தியல் படக்கூடாது. ஊற்றுக்காட்டில் எந்த மரத்தையும் தொடக்கூடாது. பெரிய காரியம் எதற்கும் இனிமேல் பெருவிரல் செல்லாது, சொந்தக் கையால் பெயர் எழுதினால்தான் செல்லும்.

கட்டளையை மீற ஒரே ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர்ப் பணயம் என்று பெயர். மீறியே தீர வேண்டும் என்கிறவர் தீர்மானப் புத்தகத்தில் தன் பெயரை எழுத வேண்டும். காரியம் அவருடைய பெயரில் நடக்கும். ஒரு வருடத்துக்குள் அதனால் கெடுதல் வந்தால் பங்காளிப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் அடிபட்டால் வீட்டுமனை இல்லை, சோளக்கொல்லை இல்லை, சுடுகாட்டில் இடமும் இல்லை. அதுவரை ஒருவர்தான் வைத்திருந்தார். சிப்ரியானோ என்று பெயர். சரிவில் பாதை வெட்டினார், மழையில் சரிவு இறங்கியது. நகரத்துக்குப் போய், அங்கே முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் புதைந்து கிடக்கிறார்.

தொண்ணூற்றெட்டில் மழை பொய்த்தது. மலைக்கு மலை தீ எரிந்தது. யாவெதோ காட்டுக்குத் தீ வரவில்லை. தப்பித்தோம் என்று சிலுவைக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். அடுத்த ஜனவரி ஆறாம் தேதி, ஒதிலியா சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு மர அறுவை ஆலைக் கொட்டகைக்கு வந்து, நோட்டு எழுதிக்கொண்டிருந்த அண்ணன் முன்னால் நின்றாள்.

"அண்ணே, ஆந்தைச் சரிவுல மரமெல்லாம் அழுவுது."

"மழையில்லாத வருஷம். அழத்தான் செய்யும்."

"நான் அழுவறது உனக்குத் தெரியும், மரம் அழுவறது எனக்குத் தெரியும். வந்து பாரு."

போய்ப் பார்த்தார். பைன் மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே பட்டையெங்கும் பொரித்த சோளம்போலப் பிசின் கட்டிகள். ஒன்றைப் பிய்த்தால் உள்ளே அரிசியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வண்டு. பதினான்கு மரங்கள் உச்சி முதல் அடி வரை சிவந்து செத்திருந்தன. அவற்றைச் சுற்றி முப்பத்தொரு பச்சை மரங்களில் பிசின் கட்டியிருந்தது.

குழுத் தலைவர் மெலித்தோன் உடனே அறுப்பு ஆட்களை அனுப்பினார். எண்பத்திரண்டில் லாரிச் சக்கரத்துக்கு முன்னால் முதலில் போய்ப் படுத்தவர் அவர்தான். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அறுப்புக் கூட்டத்தின் தலைவன் ஹெராக்லியோ மோட்டார் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, எந்த மரம் என்று கேட்டான்.

ஒதிலியா பச்சை மரங்களைக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை! செத்தவன விட்டுட்டு உசிரோட இருக்கறவனப் புதைக்கச் சொல்றீங்களே!"

ஆட்கள் சிரித்தார்கள்.

"செத்தவன் வீட்டுல இப்ப திருடன் இல்லடா," என்றாள். "அவன் தின்னு முடிச்சிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டான். நீ காலி வீட்டுக்குப் பூட்டுப் போடற."

"கட்டளை அப்படித்தானே இருக்கு? செத்தது நிக்கும்போது பச்சையத் தொடக்கூடாது. நீங்க மாத்தணும்னா மாத்துங்க, நான் அறுக்கறேன்."

மாற்ற அவளால் முடியாது. பதினான்கு செத்த மரங்களின் அடியில் பதினான்கு முறை சுத்தியல் விழுந்தது. மரத்தைச் சாய்ப்பதற்கு முன் வழக்கம்போல் வேரில் கொஞ்சம் மெஸ்கல் சாராயம் ஊற்றி மன்னிப்புக் கேட்டார்கள். சாயங்காலம் ஊரே நிம்மதியாக இருந்தது. நெஃப்தாலியும் புத்தகத்தில் "நோய் நீக்கப்பட்டது" என்று எழுதினார். அந்த வரியை அவர் பிற்பாடு அடிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான் என்பது அவர் பழக்கம். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வேகமாகப் புரட்டிவிடுவார்.

மார்ச்சில் அறுபத்தொரு மரம் சிவந்தது. இந்தத் தடவை ஊர்வேலைக்கு மணியடித்து, வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூப்பிட்டார்கள். மூன்று நாளில் அறுபத்தொன்றையும் சாய்த்தார்கள். பெண்கள் அவரைச்சாறும் தொர்தியா ரொட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு சரிவுக்கே வந்தார்கள். யாரோ கிட்டார்கூடக் கொண்டுவந்தார்கள். கட்டளையை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றிய ஊர் இந்த மலையில் வேறு இல்லை என்று மெலித்தோன் பேசினார். உண்மைதான். வேறு எந்த ஊரிலும் அந்தக் கட்டளை இல்லை.

ஒதிலியா சாப்பிடவில்லை. ஒவ்வொரு பச்சை மரமாகப் போய்ப் பட்டையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சிக்கு என்னய்யா ஆச்சு? மரத்துக்கிட்ட ரகசியம் பேசுது," என்று ஒருவர் நெஃப்தாலியிடம் கேட்டார்.

"பேசல. கேக்குது," என்றார் நெஃப்தாலி. அதற்குமேல் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி அவள் இரண்டு பட்டைத் துண்டுகளைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாள். ஒன்று செத்த மரத்தினது, மற்றது பச்சை மரத்தினது. சமையலறையில் சோளம் ஊறவைக்கும் மண்பானைகள் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினாள்.

"சோளம் ஊறப்போடற பானையில புழு வளக்குறீங்க, அண்ணனும் தங்கச்சியும்!" என்றாள் நெஃப்தாலியின் மனைவி. "நாளைக்கு மாவுல கறுப்பா ஏதாவது கெடந்தா எள்ளுன்னு நெனச்சுத் தின்னுங்க."

பன்னிரண்டாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தார்கள். செத்த மரத்தின் பட்டையில் சல்லடைபோல ஓட்டை இருந்தது, வேறொன்றும் இல்லை. பச்சை மரப் பானையின் துணி அடியில் கறுத்திருந்தது. நெஃப்தாலி ஒரு குச்சியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். ஒரு கையளவு பட்டையிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று வண்டுகள்.

அவர் கை நின்றுவிட்டது. ஒரு மரத்தில் எத்தனை கையளவு பட்டை இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"நாம ரெண்டு தடவ வெட்டினது..." என்று தொடங்கினார்.

"வெறும் ஓட்டைய வெட்டினோம்," என்றாள் ஒதிலியா. "கூலியில்லாம, கிட்டார் வாசிச்சுக்கிட்டு."

அன்றைக்கு ஆந்தைச் சரிவில் முந்நூற்று எண்பத்தெட்டு மரம் சிவந்து நின்றது. வண்டின் முன்வரிசைக்கும் ஊற்றுக்காட்டின் எல்லைக்கும் நடுவே நூற்று நாற்பது அடி தூரம்தான் இருந்தது. ஊர் அமர்த்தியிருந்த காட்டு இன்ஜினியர் வந்து பார்த்து, அவள் சொன்னதையே சொன்னார். ஊற்றுக்காட்டின் மேல் ஓரத்தில் நீண்ட வரிசையாகப் பச்சை மரங்களைச் சாய்த்து, தோலுரித்து, பட்டையைக் குழியில் புதைக்க வேண்டும். வண்டு பறந்து வரும்போது உட்கார மரம் இருக்கக்கூடாது. காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டளை இருப்பதால் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

மே மூன்றாம் தேதி சிலுவைத் திருநாள். அன்று ஊர் முழுக்க ஊற்றுக்கு ஏறிப்போய்த் தண்ணீர் கேட்பது வழக்கம். வான்கோழிச் சாறும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வருடம் உண்மையாகவே கேட்டார்கள். வாளி நிரம்ப நாற்பத்தொரு விநாடி ஆனது. வழக்கமாகப் பதினெட்டு விநாடி. குழாயடியில் விடியலிலேயே சண்டை தொடங்கிவிடும்.

ஊற்றுக்கு மேலே பூமாலை கட்டும் பெரிய பைன் மரத்தின் அருகே திடீரென்று பெண்களின் சந்தோஷக் குரல் கேட்டது.

"பாருங்கடி! மரமே சாம்பிராணி குடுக்குது!"

பட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிசின் கட்டிகள். ஊற்று மனம் இரங்கிவிட்டது, இந்த வருடம் மழை உண்டு என்று பேசிக்கொண்டு, அவற்றைப் பிய்த்துத் தூபக்காலில் போட்டார்கள். புகை இனிப்பாக எழுந்தது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் அழுதார்கள்.

ஒதிலியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், தூபக்காலில் விழப்போன ஒரு கட்டியைப் பிடுங்கி உள்ளங்கையில் உடைத்தாள். நடுவில் அந்தக் கறுப்புப் புள்ளி கால்களை அசைத்தது. அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. அழுதுகொண்டிருந்தவர்களிடம் காட்ட மனம் வரவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளும் மழைக்காகத்தான் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

நெஃப்தாலி மட்டும் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார்.

அடுத்த பத்து நாட்கள் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், ஊற்றுக்காடு என்றதும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனார்கள். மெலித்தோன் வீட்டுக்கு நான்கு முறை போனாள். நான்காம் முறை அவருடைய மகள் வாசலிலேயே நின்று, "அப்பாவுக்கு நீங்க வந்தாலே நெஞ்சு வலிக்குதாம் அத்தை," என்றாள். ஒதிலியாவுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. ஒருநாள் சோளக்கொல்லைக்குப் போகிற வழியில் அண்ணனைப் பார்த்தவள், "நான் பாக்காமலே இருந்திருக்கலாம்ணே," என்றாள். "பாத்தவதான் பாவி."

மே பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பாஸ்கெட்பால் மைதானத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஊர்க்கூட்டம் கூடியது. நூற்று எண்பத்தேழு பங்காளிகளில் நூற்று அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் பெண்கள் ஒன்பது பேர், எல்லாரும் விதவைகள். வளையத்துக்குக் கீழே மேசை, மேசையில் தீர்மானப் புத்தகம். அதன் முன்னால் நெஃப்தாலி, பக்கத்தில் மெலித்தோன்.

ஒதிலியா இரண்டு பானைகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அத்தை எங்களுக்கு அதோலே கஞ்சி கொண்டாந்திருக்காங்க!" என்று ஹெராக்லியோ கத்தினான். சிரிப்பு கூரையில் மோதியது.

அவள் முதல் பானையைக் கவிழ்த்தாள். காய்ந்த பட்டை விழுந்தது. "இது நாம மூணு நாள் வேலையப் போட்டு வெட்டின செத்த மரம்." இரண்டாவதைக் கவிழ்த்தாள். வண்டுகள் தீர்மானப் புத்தகத்தின்மேல் ஊர்ந்து நாலாபக்கமும் பரவின. "இது கட்டளைப்படி நாம விட்டு வச்ச பச்சை மரம்."

சிரிப்பு நின்றது. மெலித்தோன் விரலை நீட்டி ஒரு வண்டை அழுத்தினார். "இவ்வளவு சின்னதா?" என்றார்.

"சின்னதுதான் மாமா. கம்பெனி இருபத்தஞ்சு வருஷத்துல செஞ்சத இது மூணு வருஷத்துல செய்யும். ஊத்துக்காட்டுக்குள்ள ஏறிடுச்சு. சிலுவைத் திருநாளன்னைக்கு நீங்க தூபம் போட்டது அதோட கூட்டைத்தான். இன்னும் பத்து நாள்ல அடுத்த கூட்டம் பறக்கும். மேல் ஓரத்துல இருநூத்துப் பன்னெண்டு மரம் வெட்டணும். அதுல எம்பது மரத்துல வண்டு இருக்கு. மீதி நூத்து முப்பத்திரண்டு மரம் ஒரு பாவமும் அறியாதது. அதையும் வெட்டணும்."

மைதானம் கொதித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சீக்கு வரப்போகுது, அதுக்கு முன்னாடி வெட்டிடணும்னு கம்பெனிக்காரனும் இதத்தான் சொன்னான்!" என்றார். "பச்சை மரம் வெட்ட வர்றவன் எவன்யா காரணம் இல்லாம வந்தான்?"

"கம்பெனி வெட்டின மரத்துக்கு அடியிலதான் என் புருஷன் கெடந்தான்," என்றாள் ஒதிலியா. "பச்சை மரத்த வெட்டச் சொல்லறதுக்கு எனக்கு ஆசையா?"

"வெட்டினதால ஊத்து காஞ்சா?"

"வெட்டினா காயலாம். வெட்டாட்டி கட்டாயம் காயும்."

இரண்டரை மணி நேரம் பேசினார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நெஃப்தாலி இரண்டு தடவை எண்ணினார். வெட்டலாம் என்று ஐம்பத்தெட்டு. கூடாது என்று தொண்ணூற்றாறு. ஒன்பது பேர் எந்தக் கையையும் தூக்கவில்லை. அவர் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார்.

"அப்ப நான் பெயர்ப் பணயம் வைக்கறேன்," என்றாள் ஒதிலியா.

தகரக் கூரை வெயிலில் நெளியும் சத்தம் மட்டும் கேட்டது. அவளோடு கை தூக்கிய மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மெலித்தோன் எழுந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "மகளே, உனக்குத் தெரியாததா? இதுக்குப் பெருவிரல் செல்லாது. அந்த முப்பத்தொரு பேருல எங்கப்பாவும் ஒருத்தர். சாகற வரைக்கும் அந்த விரலப் பாத்துப் பாத்து அழுதார். இன்னொருத்தர் எழுதினதுல ரேகை வைக்கறது இந்த ஊர்ல முடிஞ்சு போச்சு. உன்னால முடியாது. முடியாததும் நல்லதுதான். உர்பானோ பக்கத்துல உனக்கு எடம் இருக்கு. அத விட்டுட்டு எங்க போவ?"

அவர் அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அது எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் மூச்சுவிட்டது. விஷயம் முடிந்தது, யார்மேலும் பழியில்லை என்று கால்களை நீட்டிக்கொண்டார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், யாருடையது என்று நெஃப்தாலி கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, சொன்னது: "அண்ணன் இருக்காரே. இருவது வருஷமா ஊருக்கே எழுதறவர். தங்கச்சிக்காகத் தன் பேர எழுதட்டுமே!"

நூற்று அறுபத்திரண்டு முகங்கள் அவர் பக்கம் திரும்பின.

பேனா அவர் கையில்தான் இருந்தது, மூடி கழற்றியபடி. பானையில் வண்டுகளை எண்ணியவர் அவர். உள்ளங்கையைப் பார்த்தவர் அவர். அவள் சொல்வது சரி என்று அந்த மைதானத்தில் அவளுக்கு அடுத்தபடி உறுதியாகத் தெரிந்தவரும் அவர்தான். வீட்டில் பதினொரு பேர் இருப்பதை நினைத்தார். மேட்டுக் கொல்லையை நினைத்தார். நகரத்தில் சிப்ரியானோ புதைந்த இடத்தில் சிலுவைகூட இல்லை என்று யாரோ சொன்னதை நினைத்தார். புத்தகத்தின் பக்கத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணினார். இருபத்தாறு. மறுபடியும் எண்ணினார். மேசையின் ஓரத்தில் ஒரு வண்டு இறக்கையை விரித்துப் பார்த்து மடக்கிக்கொண்டது.

அவர் எழுதவில்லை.

ஒதிலியா மேசைக்கு நடந்து வந்தாள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"குடுண்ணே. உனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு."

விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பேனாவை எடுத்தாள். "அத்தை, விரல் வைக்க மை வேற டப்பாவுல இருக்கு," என்று ஹெராக்லியோ தொடங்கினான். அவள் குனிந்ததைக் கண்டு அவனுக்கே குரல் இறங்கிவிட்டது.

சுத்தியலைப் பிடிப்பதுபோலப் பேனாவை முஷ்டியில் பிடித்திருந்தாள். முதல் எழுத்து வட்டமாக வந்தது, முட்டையைவிடப் பெரிதாக. இரண்டாவது எழுத்தின் கொம்பு இடப்பக்கம் வளைந்து திரும்பி, நுனியில் ஒரு சுழி போட்டது. அந்தச் சுழியை அந்த மலையில் ஒரே ஒரு ஆள்தான் போடுவார், அது நெஃப்தாலி. சுத்தியல்காரி காட்டுக்கு எடுத்துப்போகும் மரக்குறி நோட்டில், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவளுடைய பெயரை அவர்தான் எழுதிக் கொடுப்பார். அந்த நோட்டில் நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அவள் அதில் எண் மட்டும்தான் எழுதுவாள். மேலே இருக்கும் எழுத்தில் அவள் கண் எத்தனை நாள் நின்றது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அறுத்த கட்டைகளின் வெள்ளை முகத்தில் கரியால் ஏதோ கிறுக்கி அழித்திருப்பதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார். யாரோ பிள்ளைகளின் வேலை என்று நினைத்திருந்தார்.

ஸ்பானிய எழுத்தில் ஆறு எழுத்து. நடுவில் ஒருமுறை நிறுத்தி, பேனா முனையில் ஏறிவந்த வண்டை ஊதித் தள்ளினாள். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப்போயிற்று. மெலித்தோன் குனிந்து பார்த்தார். நிமிரும்போது தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"தேதி போடணும்," என்றார் நெஃப்தாலி. "நான் போடறேன்."

"வேணாம்ணே. எண்ணு எனக்கு எப்பவும் தெரியும்."

எழுதினாள்.

16-5-1999.